பட்டைக்கு வைத்த ஃபேன்

பெரம்பலூர் நான்கு ரோட்டில் நேற்று முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டிருந்தேன். காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிவந்த லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து சீட்டுக்காரர், "இத்தாம் பெருசு, காத்துல எப்புடிங்க ஒடையாம நிக்குது?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு காலத்தில் அதை உடைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பெரும்பாலும் நாற்காலிக்குக் காவல். இறக்கை செய்கிற அதே கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து அரையடிப் பட்டையாக வார்ப்போம். அந்தப் பிசின் வாடை என் சாப்பாட்டு டப்பா வரைக்கும் ஏறியிருக்கும். பட்டையை மெஷினில் மாட்டினால், நொடிக்கு ஐந்து முறை இழுத்து இழுத்து விடும். பத்து லட்சம் இழுப்பு தாங்க வேண்டும். அதற்கு இரண்டு நாளுக்கு மேல் நிற்காமல் ஓடவேண்டும். இழுக்க இழுக்கச் சூடேறும், சூடேறினால் சீக்கிரம் உடைந்துவிடும் என்பதால் பட்டைக்கென்று ஒரு டேபிள் ஃபேன் உண்டு. எனக்குக் கிடையாது.

அது மின்வெட்டுக் காலம், உங்களுக்கும் நினைவிருக்கும். லப்பைக்குடிக்காட்டு ஜமீலா அங்கே ஆராய்ச்சி மாணவி. அவளுடைய நான்கு பட்டைகள் கரண்ட் போய்ப் பாதியில் வீணாயின. இடையில் நின்றால் கணக்கில் சேராது என்பது பேராசிரியரின் சட்டம். ஜெனரேட்டரோ முதல்வர் அறைக்கு மட்டும். துபாயிலிருந்து கணவர் டிக்கெட் போட்டுவிட்டார். மிச்சம் ஒரே பட்டை. "மேக்காத்து வீச ஆரம்பிக்கட்டும்ணே. தெக்க காத்தாலையெல்லாம் சுத்த ஆரம்பிச்சா கரண்ட் போவாது. இது ஒண்ணு தாண்டிட்டா, ஆய்வேட்டக் குடுத்துட்டு ஃபிளைட் ஏறிடுவேன்" என்று ஆனி வரைக்கும் காத்திருந்தாள்.

காற்று வந்ததும் பட்டையை மெஷினில் மாட்டி ஓடவிட்டோம். அவள் சொன்னபடியே கரண்ட் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் எண்ணிக்கை ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. "தொழுதுட்டு வந்துடுறேண்ணே, ஒரு கண்ணு வச்சுக்குங்க" என்று ஹாஸ்டலுக்குப் போனாள்.

கண்ணை வைக்கத்தான் செய்தேன். ஆனால் சட்டையெல்லாம் வேர்வை. ஐந்தே நிமிஷம் என்று ஃபேனை என் பக்கம் திருப்பினேன். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு இல்லையா? படாரென்ற சத்தத்தில் விழித்தபோது பட்டை இரண்டாகத் தொங்கியது.

ஜமீலா வந்தாள். "கரண்ட் போயிட்டு வந்துச்சும்மா, அந்த ஒதறல்ல ஒடஞ்சிருச்சு" என்றேன். அந்த நாட்களில் எந்தத் தப்புக்கும் அந்த ஒரு பதில் போதும்.

ஆனால் அவள் ஓடுகிற ஃபேனுக்கடியில் தொழுதுவிட்டு வந்தவள். கரண்ட் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அது உறைப்பதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

"அப்புடியாண்ணே" என்றாள்.

என் நாற்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை மெதுவாக மெஷின் பக்கம் திருப்பிவைத்தாள். உடைந்த பட்டைக்குக் காற்று வீசியது.

அடுத்த வாரம் துபாய்க்குப் போய்விட்டாள். பட்டம் வாங்கவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஃபேனைத் திருப்பாமல் இருந்தாலும் உடைந்திருக்குமோ என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். யார் சொல்வது?

இப்போது அந்த மெஷின் இல்லை. ஆய்வகம் இருந்த இடத்தில் கேண்டீன் வந்துவிட்டது. மின்வெட்டுக் காலமும் மலையேறிவிட்டது. முன்னே மாதிரி இல்லை, கரண்ட் போவதே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அன்றைக்கும் போகவில்லை.