டிக்கெட் இல்லாமல் ஒரு பைலும் போகாது

ஏற்கனவே கருத்தடை செய்த பூனை ஒன்றின் வயிற்றை நான் மறுபடியும் அறுத்திருக்கிறேன். இருபது வருடமாக மிருக வைத்தியம் பார்க்கிறவள் இதை வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமாவைப் பற்றிச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பூனைக்கு இரண்டு வருடம் முன்பு நானே ஆபரேஷன் செய்து, நானே அட்டையில் எழுதி, நானே அந்த அட்டையை எங்கேயோ வைத்திருந்தேன். இடையில் பூனை பக்கத்து வீட்டுக்குக் கைமாறியிருந்தது. கொண்டுவந்தவருக்கும் ஒன்றும் தெரியாது. உள்ளே தேடிப் பார்த்த பிறகுதான், எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

தைத்து முடித்து வெளியே வந்து என் கிளினிக்கின் காகிதங்களைப் பார்த்தேன். மூன்று அட்டைப்பெட்டி, பூட்டு உடைந்த ஒரு சூட்கேஸ், எடை மிஷின் மேல் ஒரு குவியல். கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். அதற்குத் தூசி படியாமல் உறை போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அன்றைக்கு எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

அத்தையிடம் போய்ப் புலம்பினேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆள்தானே வேணும்? இதோ கூடத்துல உட்கார்ந்திருக்காரே, இவரைக் கூட்டிட்டுப் போ. காலையில எழுந்ததுலேர்ந்து எந்த டப்பாவுல என்ன இருக்கணும்னு சொல்லி என் உயிரை எடுக்கறார்."

அத்தையின் கணவர், அதாவது மாமா, இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டர். படியில் சறுக்கி முழங்கால் போனதால் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் வேலை பார்த்த பழக்கம் கிடையாது. அது கூடப் பரவாயில்லை. மாமாவுக்கு நாய் என்றால் குலை நடுக்கம். குட்டி நாய் கொட்டாவி விட்டால்கூட இரண்டடி தள்ளி நிற்பார். அப்படிப்பட்டவரை மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதா என்று யோசித்தேன். ஆனால் அத்தை ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் யாருக்கும் பேச்சில்லை.

மறுநாள் தோளில் பழைய தோல்பை, சட்டைப்பையில் விசில் சகிதம் வந்து நின்றார். வீட்டில் என்னைக் 'கண்ணு' என்பவர், கிளினிக் வாசற்படி ஏறியதும் 'டாக்டரம்மா' என்றார். அன்றிலிருந்து அந்தக் கணக்கு மாறியதே இல்லை.

முதல் பதினொரு நாள் மாமா ஒரு காகிதத்தையும் தொடவில்லை. முன்வாசலில், நாய்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமா, அகரவரிசையில அடுக்கினா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போய் என்ன ஆராய்ச்சி?"

"எந்தப் பேரை அடுக்கறது, டாக்டரம்மா? நாய்ப் பேரையா? இந்தப் பெட்டியில மட்டும் நாப்பத்திரண்டு டைகர் இருக்கு. வீட்டுக்காரர் பேரையா? இன்னிக்கு அப்பா கூட்டிட்டு வரார், அடுத்த தடவை மருமக வராங்க. ஆளாளுக்கு ஒரு பேரைச் சொல்றாங்க. போன் நம்பர் கேட்டா புது நம்பரைச் சொல்றாங்க. ஆனா எங்கேருந்து வரீங்கன்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் தப்பாச் சொல்லலை."

"அதனால?"

"பஸ்ல ஏறினவங்க கிட்ட பேரா கேட்டேன்? எங்க ஏறினீங்க, எங்க இறங்கணும், அவ்வளவுதான். நாளைக்கு ஆறு அலமாரித் தட்டு வேணும்."

அப்படித்தான் எங்கள் பைல்கள் பஸ் ஏறின. கிளினிக் வாசலிலிருந்து கிளம்பும் சாலைகள் ஆறு, தட்டுகளும் ஆறு. ஒவ்வொரு தட்டிலும் தெருக்கள், நடந்து போனால் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில் நின்றன. தெருவுக்கு ஒரு தடித்த அட்டை, அதற்குப் பின்னால் வீட்டு எண் வரிசையில் பைல்கள். மிருகம் வீடு மாறினால் பைலும் அந்தத் தெருவுக்குக் குடி போகும். பழைய இடத்தில் எங்கே போனது என்று ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். தொள்ளாயிரத்துச் சொச்சம் அட்டைகளை ஏழு வாரத்தில் பிரித்து அடுக்கினார். பூனையின் அட்டை சூட்கேசின் கிழிந்த துணிக்குள் கிடைத்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதோடு விட்டாரா? பைலை வெளியே எடுத்தால் அது இருந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருக வேண்டும். யார் எடுத்தது, என்றைக்கு, எதற்கு. இதற்கு மாமா வைத்த பெயர் டிக்கெட். டிக்கெட் இல்லாமல் ஒரு பைலும் போகாது. கத்தியும் கையுமாக நான் நிற்கும்போதுகூடக் கதவருகில் வந்து, "டாக்டரம்மா, மூணாம் தட்டுல ஒண்ணு டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கு" என்பார். என் சொந்தக் கிளினிக்கில் நான் திருட்டுப் பயணம் செய்தவள் மாதிரி முழிப்பேன். ஆனால் ஒன்று. அதன் பிறகு எந்தப் பைலையும் அரை நிமிஷத்துக்கு மேல் நான் தேடியதில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது தெருநாய்கள் விஷயத்தில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேனில் போய்த் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவேன். நோட்டில் 'தெருநாய், பதினான்கு' என்று எழுதினால் என் வேலை முடிந்தது. மாமா கூட வர ஆரம்பித்தார். வேனை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, ஊசி போட்ட ஒவ்வொரு நாய்க்கும் தனிப் பைல் எழுதினார். தேய்ந்த செருப்பின் ரப்பரை வெட்டி நாய் உருவத்தில் ஒரு முத்திரை செய்திருந்தார். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று குத்தி, அந்த நாய்க்கு எங்கெங்கே திட்டு, எந்தக் காது மடிந்தது, வாலில் என்ன நிறம் என்று பென்சிலால் நிரப்புவார். இரண்டு வருடத்தில் அப்படி நூற்று அறுபத்து மூன்று பைல்கள் சேர்ந்துவிட்டன.

"இதுங்களுக்காக யாரு மாமா வந்து பைல் கேக்கப் போறாங்க?" என்று ஒருநாள் வெடித்தேன். "குளுக்கோஸ் பாட்டில் வைக்க இடமில்லாம தவிக்கறேன்."

"ஸ்டாப்புல நிக்கறவங்க எல்லாரும் பயணிதான், டாக்டரம்மா."

எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, இரண்டாம் தட்டிலிருந்த தெருநாய்ப் பைல்களை மட்டும் உருவி, சணலால் கட்டி, பழைய பேப்பர் கடையில் போடலாமென்று என் கார் டிக்கியில் எறிந்தேன். அந்த இடத்தில் பாட்டில்களை அடுக்கினேன். மாமா திரும்பி வந்தார், தட்டைப் பார்த்தார். மேஜையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். அச்சகத் தெருத் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"டாக்டர், எங்க மாடிப்படிக்குக் கீழ ஒரு செவலை நாய் குட்டி போட்டிருக்கு. ஸ்கூல் வேன் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கும்போது குட்டிங்க கிட்டப் போயிட்டார். இறங்கினவர் காலைப் புடிச்சிடுச்சு. நாய் புடிக்கற வண்டிக்குச் சொல்லிட்டாங்க. தெருவே கட்டையோட நிக்குது. நீங்க ஊசி போட்ட நாய்தானே அது? சொல்லுங்க டாக்டர்!"

கடிபட்ட டிரைவர் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவருக்கு எப்படியும் ஊசி போட வேண்டும். நாயின் கதை வேறு. ஊசி போட்டதற்குக் காகிதம் இருந்தால் பத்து நாள் என் கூண்டில் வைத்து, வெறிநோய் அறிகுறி வருகிறதா என்று கவனிக்கலாம். காகிதம் இல்லையென்றால் வண்டியில் ஏற்றுவார்கள். அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கண் திறக்காத குட்டிகளுக்கும் அதே கதிதான்.

"அச்சகத் தெரு. ரெண்டாம் தட்டு" என்றார் மாமா. நான் காலி செய்த அதே தட்டு.

குளுக்கோஸ் பாட்டில்களுக்குப் பின்னால், பைல்கள் இருந்த இடத்தில், நாற்பத்தொரு டிக்கெட்டுகள் வரிசை குலையாமல் நின்றன. அவர் ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். 'அச்சகத் தெரு, தையல் கடை மாடிப்படி, செவலை, பெண். எடுத்தவர்: டாக்டர். காரணம்: சொல்லவில்லை.'

பழைய பேப்பர் கடைக்குப் போக எனக்கு நேரம் கிடைக்காதது என் அதிர்ஷ்டம். காருக்கு ஓடினேன். சணல் முடிச்சு அவிழவில்லை. தையல்காரம்மா இடுப்பிலிருந்த கத்தரியால் வெட்டினார். கட்டுக்குள்ளும் பைல்கள் தெரு வரிசையில்தான் இருந்தன. ஒன்பதாவது பைல்.

நாங்கள் போய்ச் சேரும்போது வண்டி வந்து நின்றுவிட்டது. சுருக்குக் கம்பியோடு இரண்டு பேர் மாடிப்படியை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் என் குரல் எடுபடவில்லை. அப்போது காதருகில் ஒற்றை விசில் கேட்டது. நீளமான, கண்டக்டர் விசில். அந்தத் தெருவில் இருந்தவர்கள் பஸ்ஸில் போனவர்கள்தானே! கம்பிக்காரர்கள் உட்பட எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

மாமா முழங்காலை இழுத்துக்கொண்டு நடந்து போய், நாய்க்கும் கம்பிக்கும் நடுவில் நின்றார். அவருக்கு முதுகுப்பக்கம், ஓரடி தூரத்தில், பல்லைக் காட்டி உறுமும் நாய். சட்டை முழுவதும் வியர்வை. கையில் அந்தப் பைல். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"ஊசி போட்டு எட்டு மாசம் ஆகுது. பாருங்க. இடது காது பாதி இல்லை. வலது பின்னங்கால் வெள்ளை. வால் நுனி கறுப்பு" என்றார்.

வண்டிக்காரர் படத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நாய் இதுதான். ஊசியும் சரி. ஆனா பொறுப்பு யாரு? தெருநாய்னு சொன்னா எடுத்துட்டுதான் போகணும் சார். பேப்பர்ல ஆள் பேர் வேணும்."

தையல்காரம்மா, "என் பேரை எழுதிக்கோங்க" என்றார். "இப்ப எழுதினா செல்லாதும்மா" என்றார் வண்டிக்காரர்.

மாமா பக்கத்தைத் திருப்பினார். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் அவருடைய பெயர், அத்தை வீட்டு விலாசம், கையெழுத்து, எட்டு மாதம் முன்பு ஊசி போட்ட அதே தேதி.

வண்டிக்காரர் பைலை மூடித் திருப்பிக் கொடுத்தார். மாமா இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பிப் போயே போய்விட்டது. நாயின் வாயைக் கட்டி நான் தூக்கிக்கொண்டேன். மூன்று குட்டிகளும் மாமாவின் தோல்பையில் வந்தன. பையைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே வழி முழுக்க நடந்தார்.

கிளினிக்குக்கு வந்ததும் மற்ற தட்டுகளிலிருந்த தெருநாய்ப் பைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சலவைக்கடை வாசல் கறுப்பன், ஒற்றைக் கண் கிழவி, மரக்கடை முனை நொண்டி. எல்லாவற்றிலும் அதே பெயர், அதே கையெழுத்து. வேனை விட்டு இறங்கப் பயந்தவர், பாதி இறக்கிய கண்ணாடிக்கு உள்ளேயிருந்து நூற்று அறுபத்து மூன்று நாய்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்.

"ஏன் மாமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"இதுல சொல்ல என்ன இருக்கு, டாக்டரம்மா? ஒரு கட்டத்தைக் காலியா விட்டா பைல் முழுசாகாது."

விஷயம் தெரிந்ததும் அத்தை, "வீட்டுல ஒரு பூனைக்குட்டிக்கு இடம் குடுக்காத மனுஷன், ஊர் நாய்க்கெல்லாம் என் விலாசத்தைக் குடுத்திருக்கார் பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான்.

பத்து நாளும் செவலைக்கு ஒரு குறையும் வரவில்லை. பதினோராம் நாள் தையல்காரம்மா வந்து நான்கு பேரையும் வீட்டுக்கே கூட்டிப் போனார். குளுக்கோஸ் பாட்டில்களை என் அறைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, நாற்பத்தொரு பைல்களையும் நானே தட்டில் அடுக்கினேன். பிறகு தினமும் ஒரு கட்டு எடுத்து, முறையாக டிக்கெட் எழுதிச் செருகிவிட்டு, மாமாவின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். நூற்று அறுபத்து மூன்றும் முடிய நான்கு நாள் ஆயிற்று. டிக்கெட்டில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், எல்லாவற்றிலும் 'அன்றைக்கே நானும் ஏற மறந்துவிட்டேன்' என்று எழுதினேன்.