தேவதை வீட்டில் ஆணி அடித்தது யார்?

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொரட்டூரில் சொந்த வீடு, மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன், அந்தப் பிழைப்பில் கவலைப்பட வேறு ஆயிரம் விஷயம் இருக்கிறது, பேய்க்கெல்லாம் நேரம் ஏது? நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன், தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நாலாவது படிக்கும் என் மகள் யாழினியின் பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். குப்பையில் கிடப்பது, மரத்திலிருந்து உதிர்வது, இவற்றை வைத்தே தேவதைகள் குடியிருக்க ஒரு குட்டி வீடு செய்து வர வேண்டும். போன வருடம் அவள் செய்து கொண்டுபோன ராக்கெட்டை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள், வீடு வரும்வரை பிள்ளை அழுதுகொண்டே வந்தது. இந்த முறை மேஜை மேல் ஏற்றியே தீருவது என்று நானும் அவளோடு உட்கார்ந்துவிட்டேன். காலண்டர் அட்டையில் சுவர் வைத்து மிச்சப் பெயிண்டில் வெள்ளை அடித்தோம், பென்சில் சீவலில் கூரை, ஏரிக்கரையில் பொறுக்கிய குச்சியில் வேலி, கொட்டாங்குச்சியில் தண்ணீர்த் தொட்டி. ஹவுஸ் ஓனர் புத்தி போகுமா, வாசலில் தபால்தலை அளவுக்கு 'வீடு வாடகைக்கு' என்று ஒரு போர்டும் மாட்டினேன். அதுதான் வினை.

மறுநாள் மதியம் பார்த்தால் போர்டு வாசலில் இல்லை, கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தது. மகள் வேலை என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாள் உள்ளே எட்டிப் பார்த்தேன், பயந்துபோனேன் என்று சொன்னால் அது பொய், எனக்கு வந்தது கோபம். புது வெள்ளை அடித்த சுவரில் ஒரு முள்ளை அடித்து, அதில் நூல் கட்டி, நகத்தளவு துணி ஒன்றைக் காயப்போட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம்.

"யாரு இங்க ஆணி அடிச்சது?" என்று கத்தினேன்.

என் மனைவி மல்லிகா கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னாத்துக்கு இப்டி கத்துறீங்க? மாடில கீறவங்கள படுத்துறது பத்தாதுன்னு இப்போ அட்டப்பொட்டியுமா?"

யாழினி சிரிக்கவில்லை. "அப்பா, ஆளு வந்துட்டாங்கப்பா. நாளைக்கு எப்டி எடுத்துகினு போறது?" என்று கண்ணைக் கசக்கினாள். குடியிருப்பவரோடு வீட்டைத் தூக்கிப் போக அவளுக்கு மனசில்லை, போட்டியைக் கைவிடவும் மனசில்லை.

நம்பினால் நம்புங்கள், அந்த வீட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகத்தால் கதவைத் தட்டினேன். "யாரா இருந்தாலும் சரி, நாளைக்குக் காலைல எனக்கு ஊடு வேணும். கொயந்த விஷயம். வரும்போதுதான் சொல்லாம வந்துட்டீங்க, போவும்போதாவது மரியாதையா காலி பண்ணிக் குடுங்க" என்றேன். மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

விடிந்து பார்த்தால் வீடு பளிச்சென்று பெருக்கியிருந்தது. முள் இல்லை, துணி இல்லை, முள் இருந்த ஓட்டையை வெள்ளையாக எதையோ வைத்து அடைத்திருந்தார்கள். முகர்ந்து பார்த்தேன், டூத்பேஸ்ட். என் மாடியில் குடியிருந்தவர்களில் ஒருத்தர்கூட இவ்வளவு சுத்தமாகக் காலி செய்து கொடுத்ததில்லை, உண்மையிலேயே எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

வீடு மேஜை மேல் ஏறியது, முதல் பரிசும் வாங்கியது. யாழினி தரையில் கால் படாமல் குதித்துக்கொண்டே வந்தாள். சாயங்காலம் மூவருமாகப் பூட்டைத் திறந்து உள்ளே போனால் சமையலறையில் பால் பொங்கிய வாசனை. அடுப்பைக் காலையிலேயே அணைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். தேடிப் பார்த்ததில், அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சோடா மூடியில் பால் பொங்கி வழிந்திருந்தது, அடியில் தீக்குச்சித் துண்டுகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் வரிசையாக மூன்று பிஸ்தா ஓடுகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால். நாங்கள் மூன்று பேர்.

"நம்ம ஊட்லயே பால் காய்ச்சி குடி வந்துட்டாங்களே" என்று மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் தடுப்பதற்குள் யாழினி ஒரு பிஸ்தா ஓட்டை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

"சக்கரயெல்லாம் போட்டுக் கீறாங்கப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோய், அன்று காலைக் காபியே வெல்லம் போட்டுத்தான் குடித்தோம். டப்பாவைத் திறந்து பார்த்தேன், அப்போதும் காலியாகத்தான் இருந்தது. அந்தச் சர்க்கரையை அவர்கள் எங்கே போய் வாங்கினார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.