சனிக்கிழமை நாலு மணி

பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்துக்குப் பழைய கோப்பு ஒன்று வந்தது. ரோணியோவில் படியெடுத்த தாள்கள். அந்த மையின் வாடை இன்னும் போகவில்லை போலப் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சேலைத் தலைப்பு எல்லாவற்றிலும் அந்தக் கறுப்புப் பொட்டு இருக்கும்.

"மிஸ், சனிக்கிழமை நாலிலயிருந்து அஞ்சு வரைக்கும் சுயகற்றல் எண்டு கிடக்கு. இது என்னத்துக்கு?" என்று கேட்டார் ஓர் இளம் விரிவுரையாளர்.

"அது பழைய வழக்கம்" என்றேன்.

அது அன்ரனின் மணித்தியாலம். வார இறுதி முதுமாணிப் பட்டக் கற்கைநெறியை என்னோடு சேர்ந்து வரைந்தவர், கொழும்பு கொச்சிக்கடைக்காரர். யுத்தம் நடந்து, வழியெங்கும் சோதனைச் சாவடிகள் இருந்த காலம். பொழுதுபட்டால் பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆட்களை இறக்கிப் பிடிப்பது கூடும். ஐந்து மணிவரை கற்பித்தல் காட்டாவிட்டால் பல்கலைக்கழக மூதவை ஏற்காது. அதனால் கடைசி மணித்தியாலத்துக்குச் சுயகற்றல் என்று பெயர் வைத்து, எல்லோரையும் நாலுக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் அந்த நேரத்தை ஆய்வு முறையியலுக்குக் கேட்டேன். புதுப் பட்டத்தின் திமிர்.

"உமக்கு சிலபஸ் தெரியும், பஸ் தெரியாது" என்றார். "கம்பஸுக்குப் பின்னால அறை எடுத்து இருக்கிற ஆள்தானே நீர்."

அவர் லீவில் நின்ற ஒரு சனிக்கிழமை ஐந்துவரை படிப்பித்தேன். நன்றாகப் போனது. வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருந்த சுகந்தன் என்ற பள்ளி ஆசிரியர் மட்டும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனம் இங்க இருக்கட்டும்" என்றேன்.

"ஓம் மிஸ்."

அன்று பொழுதுபட, பாமன்கடைச் சாவடியில் அவரை பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். மூன்று வாரத்தில் விட்டார்கள். வகுப்புக்கு அவர் திரும்பி வரவேயில்லை. அவருடைய ஆய்வு முன்மொழிவின் முதல் பக்கம் என்னிடம் கிடக்கிறது.

அன்ரன் என்னை ஏசவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு சனியும் நாலு மணிக்கு என் வகுப்புக் கதவடியில் வந்து நிற்பார். நான் பலகையைத் துடைக்கும்வரை நகரமாட்டார். அவர் செத்தும் பல வருடமாகிறது.

கூட்டத்தில் அந்தச் சுயகற்றலை வெட்டி, அதையும் வகுப்பு நேரமாக்கினார்கள். சுகந்தனைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். எல்லோரோடும் சேர்ந்து கையை உயர்த்தினேன்.

என் மகள் இப்போது அதே கற்கைநெறியில்தான் படிக்கிறாள். அடுத்த தவணை தொடக்கம் ஐந்துவரை வகுப்பு என்று இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.

"நல்லம்தானே அம்மா. அந்த நேரம் நாங்கள் கன்ரீனில சும்மா அலட்டிக்கொண்டிருக்கிறது."

"நீ நேர வீட்டை வா" என்றேன்.

"இங்க பாமன்கடைக்குத்தானே அம்மா வாறன். என்ன பயம்?"

பயம் ஒன்றுமில்லைத்தான். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு பாடத்திட்டத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதை இன்று என் கையும் சேர்ந்து எடுத்துவிட்டது. கதவடியில் வந்து நிற்க இப்போது ஒருவருமில்லை.