புவாண்ட்-கிளேரில் ஒரு மேசைக்கு அடியில்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மொன்றியலில் இறங்கினேன். கோப்பன்ஹேகனிலிருந்து எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பறப்பு. குடிவரவு மேசையில் இருந்த இளம் பெண் பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். நான் விழிப்பதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"வந்த காரணம்?"

"ஒரு கூட்டத்தில் பேச."

"எதைப் பற்றி?"

"அணுகுண்டைப் பற்றி" என்று சொன்ன பிறகுதான், அந்த இடத்தில் சொல்லக்கூடாத சொல் அது என்று உறைத்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆதரவாகவா, எதிராகவா?"

"எதிராக."

கடவுச்சீட்டை நீட்டினாள். "என் அப்பா ஆதரவு" என்றாள்.

நான் டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூரில் பௌதிகம் படிப்பிக்கிறேன். சமாதான காலத்தில் அணு ஆயுதம் எங்கள் மண்ணில் இருக்கக் கூடாது என்பது அந்த நாட்டின் பழைய கொள்கை. இப்போது அதை மாற்றச் சொல்லிப் பலர் பேசுகிறார்கள். நாங்கள் நம்பியிருந்த பெரிய நாடே, டென்மார்க்கின் ஆளுகையிலுள்ள கிரீன்லாந்தைத் தனக்குத் தா என்று கேட்டுவிட்டது. இனி யாருடைய குண்டின் நிழலில் நிற்பது என்று தேநீர்க் கடையிலும் பள்ளி ஆசிரியர் அறையிலும் விவாதம். குண்டு வேண்டாம் என்று ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது எப்படியோ கைமாறி, மொன்றியலில் உள்ள சிறிய குழு ஒன்று என்னைப் பேச அழைத்தது. கனடாவும் அதே பயத்தில் இருந்தது. பரப்பில் பெரிய நாடுதான். ஆனால் அயலிலிருக்கும் அதே பெரிய நாடு 'நீயும் எங்கள் மாநிலம்தான்' என்று சொன்ன பிறகு, அங்குள்ளவர்கள் தங்களைச் சிறிய நாட்டுக்காரராகவே உணரத் தொடங்கியிருந்தார்கள்.

நகரத்துக்குப் போகிறவர்களுக்கு விமான நிலைய வாசலில் 747 இலக்கப் பேருந்து உண்டு; கட்டணம் பதினொரு டொலர். எனக்கு அது தேவைப்படவில்லை. என் சின்னம்மாவின் மகள் சுகந்தி அக்காவும் அவருடைய கணவர் யோகன் அத்தானும் காத்து நின்றார்கள். அக்கா ஒரு garderie-யில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறார். அத்தான் துறைமுகத்தில் கண்டெய்னர் லொறி ஓட்டுகிறார். வீடு ரொக்ஸ்பரோவில், பதினைந்து கிலோமீற்றர்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அத்தான் தொடங்கினார்.

"மாலினி, நீர் குண்டு கூடாது எண்டு கதைக்கப் போறீராம்?"

"ஓம் அத்தான்."

"எங்களிட்டை அண்டைக்கு யாழ்ப்பாணத்தில ஒண்டு இருந்திருந்தால், எங்கட தலையில ஆரும் குண்டு போட்டிருப்பாங்களோ?"

"எங்களிட்டை இருந்திருந்தால், முதல்ல எங்கட தலையிலதான் வெடிச்சிருக்கும்."

"வந்து இறங்கினவுடனேயே துவங்கியாச்சு" என்றார் அக்கா. "பேந்து சண்டை பிடிக்கலாம். முதல்ல வந்து சாப்பிடு."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தான் தன் வேலையிடத்தைக் காட்டக் கூட்டிப் போனார். தீவின் மேற்கிலிருந்து கிழக்குக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு மணி நேரம் பிடித்தது. உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேலிக்கு வெளியே, சாலையோரம் நிறுத்தினார். சென் லோரன்ஸ் ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. அடுக்கடுக்கான கண்டெய்னர்களுக்கு மேலே பளுதூக்கிகள் அசைந்தன.

"உள்ளுக்கை மஞ்சள் தூண் ரெண்டு நிக்குது" என்றார். "ஒவ்வொரு பெட்டியும் அதுக்குள்ளால போகவேணும். கதிர்வீச்சு இருந்தால் கத்தும். ஆரேன் குண்டு கொண்டு வாறாங்களோ எண்டு பாக்கிறது."

"கத்தியிருக்கோ?"

"வீட்டுப் பூனை மலங்கழிக்கிற மண்ணுக்குக் கத்தும், அதிலயும் இயற்கையாக் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்காம். சில நேரம் வாழைப்பழத்துக்கும் கத்தும்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒருநாள் என்ரை லொறிக்குக் கத்தினது. பூந்தொட்டிச் சாமான்தான். ஆனா சுங்கக்காரர் சோதிச்சு வந்து சொல்லும் வரைக்கும் இருபது நிமிசம் கதிரையில இருந்தன். எனக்குப் பின்னால என்ன இருக்கெண்டு தெரியாமல் இருந்தன், மாலினி."

அப்படியிருந்தும் குண்டு வேண்டும் என்கிறீர்களா என்று கேட்டேன். "அதாலதான் வேணும்" என்றார். எனக்கு அந்தத் தர்க்கம் விளங்கவில்லை. அவர் முகத்திலிருந்த பயம் விளங்கியது.

புதன்கிழமை ஒரு மணிக்குக் கூட்டம். ரொக்ஸ்பரோவிலிருந்து புவாண்ட்-கிளேருக்குக் காரில் கால் மணி நேரத்துக்குக் குறைவு. பெரிய கடைத்தொகுதியைத் தாண்டி, ஒரு சனசமூக மண்டபம். அறுபது பேர் வரை இருந்தார்கள்; பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். பின் வரிசையில் இரண்டு சென்னை மாணவர்கள் மடிக்கணினியோடு இருந்தார்கள். அத்தான் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். அக்காவும் வந்திருந்தார்.

எனக்கு எதிராகப் பேச வந்தவர் இல்ஸே. லாட்வியாவில் பிறந்து, இங்கே தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. இருவரும் ஒரே நீண்ட மேசையில் அமர்ந்தோம். அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்களுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே கடல் இருக்கிறது, திருமதி மாலினி. என் தங்கையின் வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு காடு, ஒரு வேலி. உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களை விட்டுக் கொடுத்தது. பதிலுக்கு, பாதுகாப்போம் என்று வாக்குறுதி எழுதிய ஒரு காகிதம் கிடைத்தது. காகிதத்தின் கீழே என் தங்கையைத் தூங்கச் சொல்கிறீர்களா?"

மண்டபம் கைதட்டியது. எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளை நான்; குண்டு எங்கே விழும் என்பதை அதைப் போடுகிறவன்கூட முழுதாகத் தீர்மானிப்பதில்லை; பெரிய நாடு தன் குண்டை எங்கள் மண்ணில் வைத்தால், எதிரியின் வரைபடத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு புள்ளி விழும்; மற்றவர் கைவிரலில் எங்கள் உயிரைக் கட்டிவிடுவது பாதுகாப்பு ஆகாது. சனங்கள் கவனித்துக் கேட்டார்கள். பாதி தூரம் வந்திருந்தேன். தேநீர் எடுத்து வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு அக்கா வெளியே போனார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்திலிருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின.

மணியோசை அல்ல, அலறல். பைகளுக்குள்ளிருந்து, சட்டைப் பைகளிலிருந்து, என் முன்னால் மேசையிலிருந்து. என் திரையில் பிரெஞ்சில் எழுத்துகள். எனக்குப் புரிந்த ஒரே சொல், அவசரம் என்பது. அடுத்து நினைவிருப்பது தரை. மேசைக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து வைத்திருந்தேன். காதுச் சவ்வு கிழியாமலிருக்க வாயைத் திறக்க வேண்டும் என்பது ஏழு வயதில் பழகியது. பக்கத்தில் இன்னொரு உடம்பு வந்து விழுந்தது. அத்தான். அவரும் வாயைத் திறந்திருந்தார். சற்றுத் தள்ளி இல்ஸேயின் கறுப்புச் சப்பாத்துகள் அசையாமல் இருந்தன.

எத்தனை விநாடி என்று தெரியாது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் கத்தினான்: "டெஸ்ட்! டெஸ்ட்தாங்க, ஒண்ணும் இல்ல!" அதையே ஆங்கிலத்தில் இன்னொருவர் சொன்னார். யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் மன்னிப்புக் கேட்டார். இந்த எச்சரிக்கையை அவ்வப்போது இப்படிச் சோதித்துப் பார்ப்பார்களாம். அது இன்றைக்கு என்பதை அவர் மறந்துவிட்டாராம். மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது என் முழங்கால் உரஞ்சி இரத்தம் கசிந்தது. அத்தான் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே ஓடினார். மிச்சம் நான்கு பக்கம் இருந்தது. ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை. "சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்" என்று உட்கார்ந்தேன்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். சிறிய நாடு பெரிய நாட்டின் அணுகுண்டை நம்பி நிற்கலாமா? நிற்கலாம் என்று இருபத்தொன்பது கைகள். கூடாது என்று இருபத்து நான்கு. திரும்பி வந்திருந்த அத்தான் 'நிற்கலாம்' என்பதற்குத் தூக்கினார். நான் எதற்கும் தூக்கவில்லை.

இல்ஸே என் பக்கம் சாய்ந்தார். "ஏன் தூக்கவில்லை?"

"முழங்கால் வலி" என்றேன். முழங்காலுக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவில்லை.

"நான் அசையாமல் இருந்ததைத் துணிச்சல் என்று நினைக்க வேண்டாம்" என்றார். "எழும்பப் பார்த்தேன். கால் வரவில்லை."

வியாழன் முழுக்க மழை. அக்கா வேலைக்குப் போய்விட்டார். நான் சன்னலருகே இருந்து, எதிர்வீட்டு மரத்தின் புதுத் துளிர்களைப் பார்த்தேன். கைபேசியைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு அவர் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். புறப்பாட்டு வாசலில் நிறுத்தியதும் நான் இறங்கவில்லை.

"அத்தான், அண்டைக்கு மேசைக்குக் கீழ என்ன நினைச்சனான் தெரியுமோ?"

"என்ன?"

"எங்கட பக்கத்து ஆக்களும் திருப்பி அடிச்சிருப்பாங்கள் எண்டு. அடிச்சிருக்க வேணும் எண்டு. அவங்கட ஊரும் எரிஞ்சிருக்க வேணும் எண்டு நினைச்சன். அரை மணித்தியாலமாகக் குண்டு வேண்டாம் எண்டு கதைச்சுப்போட்டு, அதைத்தான் நினைச்சன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தார். பின்னால் நின்ற டாக்சி ஹோர்ன் அடித்தது.

"நான் குண்டைப் பற்றி ஒண்டும் நினைக்கேல்லை" என்றார். "சுகந்தி வெளியில நிக்கிறாள், கதவு எந்தப் பக்கம் எண்டுதான் தேடினன். தெரியேல்லை."

இறங்கிப் பெட்டியை எடுத்துத் தந்தார். "போய்ச் சேர்ந்ததும் போன் எடும்" என்றார்.

சனிக்கிழமை மதியம் என் ஊருக்கு வந்து சேர்ந்தேன். மொன்றியலோடு ஒப்பிட்டால் இங்கே சத்தமே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், பூங்காவின் ஓரத்தில், புல் மூடிய மேடு ஒன்று உண்டு. பழைய காலத்துப் பதுங்கிடம். பனிக்காலத்தில் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அதைக் கடந்து போகிறேன். அதற்குக் கதவு எங்கே என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றி வந்தேன். வடக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு, துருவேறிய பூட்டு.

திங்கட்கிழமை நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் பதுங்கிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். தொலைபேசியை எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றாள். என் இலக்கத்தை எழுதிக்கொண்டு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

மூன்று கிழமையாகிறது. இன்னும் அழைக்கவில்லை.