ஒரு முனை குறைந்த கொடி

கத்தாரில் உலகக் கோப்பை கால்பந்து நடந்த வருடம் அது. பாறசாலைக்குப் பக்கத்தில், உதியன்குளங்கரை சந்திப்பில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. எங்கள் பக்கம் கால்பந்துக் காய்ச்சல் வந்துவிட்டால் பிளவுஸ் தைக்க நேரம் கிடைக்காது. அர்ஜென்டினா, பிரேசில் என்று கொடி தைத்தே கை ஓய்ந்துவிடும். அந்த நாட்டு மண்ணை மிதித்தே இராதவர்கள் அவற்றுக்காக அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒரு மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து கத்தார் கொடி தைத்துத் தரச் சொன்னார். போட்டியை நடத்திய அந்த நாட்டு அணி, ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியிருந்தது. இனி எதற்கு அந்தக் கொடி என்று கேட்டேன்.

"வெள்ளையும் மெரூனும் சேருற இடத்துல ஒம்பது முனை வேணும் சேச்சி. பின்னே, ஆருட்டயும் சொல்லாண்டாம்" என்றார்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. தள்ளிப்போய் நின்று தணிந்த குரலில், "பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு எல்லாம் பத்திரம். இங்க ஆருக்கும் தெரியாது" என்று அவர் பேசியது என் காதில் விழுந்தது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன்புதான், கத்தார் ஸ்டேடியத்தில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் என் தம்பியை மும்பை வரை கூட்டிப்போய் நடுத்தெருவில் விட்டுவிட்டு மறைந்திருந்தான். தம்பி எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அந்த ஏஜெண்ட் ஆபீஸ் என்று காட்டிய அறையிலும் மேஜைக்குப் பின்னால் இதே கொடிதான் தொங்கியதாம். இந்த ஆளும் கடை விரிக்கப் போகிறான், இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் ஏமாறப் போகிறார்களோ என்று எனக்குள் ஒரே பதைப்பு.

என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். வேண்டுமென்றே ஒரு முனையைக் குறைத்து, எட்டு முனையோடு தைத்தேன். நாளைக்குப் போலீஸ் வந்தால், இது நான் தைத்த கொடி, வாங்கியது இந்த ஆள் என்று அடையாளம் காட்டலாமே! வாங்க வந்த அன்று கடையில் வேறு ஆட்கள் இருந்ததைப் பார்த்ததும், அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு போனார். என் சந்தேகம் இன்னும் முற்றியது.

இறுதிப் போட்டி முடிந்து சில நாள் ஆகியிருக்கும். பெருங்கடவிளையிலிருந்து வந்த ஒரு வாடிக்கைக்காரி, "எங்க பக்கத்துல ஒரு வீட்டு வாசல்ல கத்தார் கொடி கட்டியிருக்கு. கசேரயெல்லாம் போட்டு ஆளுகளும் கூடியிருக்கு" என்றாள். ஆபீஸ் திறந்துவிட்டான்! கடையைப் பூட்டிவிட்டு, தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன்.

முற்றத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் கொடி வாங்கியவர் தேய்த்த வெள்ளைச் சட்டையில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி இறங்கியதும் கத்தினான்.

"எலே, இவன் கள்ள ஏஜெண்டாக்கும்! ஆரும் பாஸ்போர்ட்டு குடுக்காதுங்க!"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் முகம் வெளுத்துப்போனது. "என்ன மக்கா சொல்லுத?" என்று மட்டும் கேட்டார். நான் சும்மா இருந்தேனா? "அப்பம் என்னத்துக்கு ஒளிச்சு வச்சுக் கொடி வாங்கினிய?" என்று விரல் நீட்டினேன்.

அவர் வாய் திறக்கும் முன் ஒரு கார் வந்து நின்றது. கயிறு கட்டிய இரண்டு பெரிய பெட்டிகளோடு ஒரு பெண் இறங்கினாள். அவருடைய மனைவி. பதினொரு வருடம் கத்தாரில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்தவள். கால்பந்து முடியும்வரை லீவு கிடைக்காமல், இப்போதுதான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தாள். கூடியிருந்தவர்கள் அவளை வரவேற்க வந்த சொந்தக்காரர்கள். அன்று போனில் பாஸ்போர்ட், டிக்கெட் என்று பேசியதும் அவளோடுதான்; அவள் வரும் விஷயத்தை அப்போது அவர் ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய தங்கை என் கடைக்கு வருகிறவள், கொடி விஷயம் காதில் விழுந்தால் அன்றைக்கே வீடியோ காலில் அக்காளிடம் உடைத்துவிடுவாள் என்றுதான் என்னிடம் அந்த ரகசியம்.

அவள் எங்களைக் கவனிக்கவே இல்லை. கொடியைத் தொட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து எண்ணினாள்.

"எட்டுதான் உண்டு. ஒரு முனை எங்க? இந்தக் கொடிக்குக் கீழ தினமும் கண்ணாடி துடைச்சவளாக்கும் நான்" என்று சிரித்தாள்.

அவர் கொடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"துணி பத்தல்ல. சேச்சி அப்பமே சொன்னாவ, நான்தான் போதும்னேன்" என்றார். பிறகு தம்பியிடம், "இரி மக்கா, சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.

மறுநாளே ஒன்பது முனையோடு வேறு கொடி தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முனை ஏன் குறைந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன். பதினைந்து பேர் முன்னால் நாங்கள் அவரைக் கள்ளன் என்றோம், அதே பதினைந்து பேர் முன்னால் அவர் என் மானத்தைக் காக்க ஒரு பொய் சொன்னார். இன்றும் முகம் தெரியாத ஒருவர் கடையேறி வந்தால் சந்தேகம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படி வருகிறவர் சொன்ன அளவில் ஒரு நூல்கூடக் குறைக்க என் கை வருவதில்லை.