படத்து மோட்டாருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

"...லாரி பர்மாவுல நின்னா என்னடா, படத்துல இருக்கிற மோட்டாருக்குப் பொட்டு வையி. அவுரு ஆசையா வாங்கி வச்சதுதானே!" என்றாள் அக்கா, ஆயுத பூஜையன்று.

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. உடையார்பாளையத்துக்கும் அரியலூருக்கும் அடுப்புக்கரிப் புகையில் ஓடுகிற கரிப் பஸ் ஓட்டியவன். சுடுகாட்டோரம் வண்டி நின்றுபோனால் அங்கேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறவன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

அக்கா புருஷன், என் மச்சான், யுத்தத்துக்கு லாரி ஓட்டப் போனவர், ஒரு வருஷமாகத் தகவலே இல்லை. ஆயுத பூஜை கழிந்ததும் கருமாதி செய்து, அக்காவின் தாலியைக் கழற்றிவிடுவது என்று அவள் மாமனார் முடிவு கட்டியிருந்தார். அக்கா ஒப்பவில்லை.

படம் சீமை அச்சு, கையால் வண்ணம் தீட்டியது. சிவப்பு மோட்டார், மேலே தட்டான் மாதிரி ஓர் ஏரோப்ளேன். கண்ணாடிச் சட்டம் போட்டுப் பலகைமேல் சாத்தியிருந்தது. முன்சக்கரத்தின் உச்சியில், கண்ணாடிமேல், நானே குங்குமப் பொட்டு வைத்தேன். பஸ்ஸுக்கு வைப்பதுபோலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன்.

வாசலில் எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்தோம். "படத்துக்குப் பூசை போட்டா ஆளு வந்துடுவானா?" என்றார் மாமனார். அவர் வாய் மூடவில்லை, உள்ளே இஞ்சின் உறுமியது. பெட்ரோல் நாற்றம் வேறு. யுத்த காலத்தில் எங்கள் தெருவில் பெட்ரோல் ஏது?

ஓடினோம். உள்ளே ஆள் இல்லை, படமும் வைத்தபடியே இருந்தது. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது. உச்சியில் வைத்த பொட்டு சக்கரத்தின் அடிக்கு வந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான், கருமாதிப் பேச்சையே எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்து மச்சான் வந்தார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஆயுத பூசை அன்னிக்கா?" என்றார். "ஏரோப்ளேன் சத்தம் கேட்டு லாரிய வுட்டுட்டுக் குதிச்சேன் மாப்ள. லாரி நின்ன எடத்துல குண்டு வுழுந்துச்சு. எந்திரிச்சுப் பாத்தா, லாரி தூரமா ஒரு மரத்தடியில நிக்குது. யாரும் ஏறல. அதுலதான் நான் தப்பிச்சு வந்தேன்."

அக்கா எழுந்து கொல்லைக்குப் போனாள். ஒரு கருங்கல்லை எடுத்து வந்து, படத்திலிருந்த மோட்டாரின் சக்கரத்தடியில் முட்டுக் கொடுத்தாள்.