உள்ளங்கையில் சாவிக்கொத்து

பிற்பகல் மூன்று நாற்பது. கடை திறக்கும் நேரம் நெருங்கியதால் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் எனக்கு எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டு நான்கு மணிக்கு மறுபடி திறப்பேன். ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைக் கையில் எடுத்தபோது கூடத்தில் ஏதோ விழும் சத்தம். இஸ்திரிப் பெட்டி என்று நினைத்தேன். மாலை விமானத்துக்குப் போக என் மகள் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தது அவள்.

கை கால்கள் வெட்டி இழுத்தன. கண்கள் மேலே செருகிவிட்டன. என் மனைவியின் அலறல் கேட்டு மேல்வீட்டு அக்கா படியிறங்கி ஓடிவந்தார். "இன்னா சார் பாத்துகினு நிக்கிற? இரும்பு குடு! அந்தச் சாவியக் குடு!" என்று என் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கி, மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்தார். ஷட்டர் பூட்டுச் சாவிகள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியவை. கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்தது. இரும்பால் எதுவும் நிற்பதில்லை, தானாகவே அடங்கியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நெடுநேரம் மலங்க மலங்க விழித்தாள். "ஒண்ணுமில்லடா, சாப்பிடாம நின்ன மயக்கம்" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் மெல்லக் கையைத் தூக்கி, விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். அந்த நொடியை நான் இன்னும் தாண்டவில்லை. விழுந்து துடிப்பவர் கையில் எதற்காகச் சாவியைத் திணிப்பார்கள் என்று தெரியாத பிள்ளை நம் ஊரில் உண்டா? தாம்பரம் ரயில் நிலையத்தில் அவளே பார்த்திருக்கிறாள். "அத்தா, இத யார் என் கையில வச்சது?" என்று என்னிடம் கேட்டாள். மேல்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள். காலையில் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும்போது தெருப் பிள்ளைகள் அண்ணாந்து கையாட்டுவார்கள். இவள் மொட்டை மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பாள். "இன்னைக்கு காத்துக்கு எதிரா அந்தப் பக்கத்துலேர்ந்து இறங்குவாங்க" என்பாள். சொன்னபடியே நடக்கும். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் வெயிலில் கருத்து, ரொட்டி தின்று இளைத்து, உரிமம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோளில் இரண்டு தங்கப் பட்டையுடன் முதல் நாள் இறங்கிப் போனபோது மேல்வீட்டு அக்கா மாடியிலிருந்து கத்தினார்: "பாப்பா, நம்ம வூட்டு மேல போம்போது ஒரு ஆரன் அடி, இன்னா!" மகள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஆரன் அடிச்சா முன்னாடி போற காக்கா ஒதுங்காதுக்கா" என்றாள். தெருவே சிரித்தது.

மருத்துவமனையில் எல்லாப் படமும் எடுத்தார்கள். மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. காரணம் தெரிந்திருந்தால் அதைச் சரிசெய்து திரும்ப விமானம் ஓட்டப் போகலாம்; காரணம் தெரியாத வலிப்பு மறுபடி வராது என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்? டாக்டர் இதைச் சொன்னபோது அவள் தலையாட்டினாள். எங்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்று மாலையே என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தார். அதுவரை நிறுவனத்துக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். "மச்சான், ஒரே ஒரு தடவ. பாத்தது மூணே பேரு. மயக்கம்னு சொல்லி லீவு போடட்டும். யாருக்குத் தெரியப் போகுது?" நான் மகளைப் பார்த்தேன். அவள், "மாமா, என் பக்கத்து சீட்டு கேப்டனுக்கு இப்படி வந்து, அவர் மறைச்சிருந்தா, அந்த ஃப்ளைட்ல நீங்க அத்தாவ ஏத்துவீங்களா?" என்றாள். மைத்துனர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார். அவள் சன்னலோரம் நின்று நிறுவனத்துக்குப் போன் செய்தாள். ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லும் குழறாமல். விமானத்தில் இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குரலை நான் கேட்டது அன்று ஒருமுறைதான். அவள் செய்தது சரிதான். ஆனாலும் என் மனம் இன்றுவரை மைத்துனர் பக்கம்தான் நிற்கிறது.

விமானிகளின் உடல்தகுதியைப் பார்க்கும் மருத்துவக் குழு சோதித்தது, மேல்முறையீட்டிலும் பார்த்தது. பறக்கத் தகுதியில்லை என்பதே முடிவு. இருசக்கர வாகனமும் இப்போதைக்கு ஓட்டக்கூடாதாம். நூற்றுக்கு மேற்பட்டவர்களை மேகத்துக்கு மேலே கொண்டுபோனவள் இப்போது மருந்துக் கடைக்குப் போக என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காருகிறாள். காலையில் பயிற்சி விமானங்கள் கிளம்பும்போது மின்விசிறியை வேகமாக வைத்துக்கொள்கிறாள். மாத்திரை அவளை மந்தமாக்கியிருக்கிறது. பேச்சு நடுவில் நின்றுவிடுகிறது. வேறு படிப்பு, வேறு வேலை என்று நாங்கள் சொல்வதை எல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறாள். நானும் இப்போது சொல்வதைக் குறைத்துவிட்டேன்.

வேலைத் தோழர்களின் செய்திகள் முதலில் குவிந்தன. தைரியசாலி, நேர்மையானவள் என்று எழுதினார்கள். பிறகு குறைந்தன. அவள் எதிர்பார்த்தது ஒருவரைத்தான்: அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிய கேப்டன், என் வயதுப் பெண்மணி. அவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. முடிவு வந்து பல வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவர் வந்தார். சாதாரணச் சேலையில், வழி கேட்டுக் கேட்டு. மகள் திரும்பப் பறக்க ஏதோ ஒரு வழி வைத்திருப்பார் என்று என் மனைவி அவசரமாகப் பாயசத்துக்குப் பால் காய்ச்சினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மகளின் எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"நீ செஞ்சது சரின்னு சொல்லத்தான் பல தடவ கிளம்பினேன். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில திரும்பிட்டேன். உன் வயசுல எனக்கு இது வந்திருந்தா, நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்மா."